காஜா அக்கா மேல் போட்ட பழி

தையற்கடைக்காரியின் மகளுக்குப் பத்து வயது. பொம்மைச் சட்டையைத் தேய்க்கிறேன் பேர்வழி என்று இஸ்திரிப் பெட்டியை எடுத்தவள், பேங்கில் வேலை பார்க்கும் பேங்க் அம்மாவுக்காகத் தைத்து முடித்திருந்த நீலப் பட்டுக் கவுன்மேல் அதை வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். ஓடிவந்து பெட்டியைத் தூக்கியவள் அம்மாதான். அதற்குள் நெஞ்சுப் பக்கம் பொசுங்கிவிட்டது.

பேங்க் அம்மா வந்தார். "என்னங்க இது? நாளைக்கு விசேஷத்துக்கு நான் எதைப் போட்டுக்குவேன்? யாரு பண்ண வேலை?"

மகள் கதவோரம் நின்று விரலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பெற்ற பாசம் அப்போது பார்த்துத்தானா முந்திக்கொண்டு வர வேண்டும்! மூலையில் குனிந்து பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கடைக்காரி கைகாட்டினாள். "இவதாங்க. எத்தனை தடவை சொன்னாலும் காதுல போட்டுக்க மாட்டா."

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? உன்னையெல்லாம் யாரு வேலைக்கு வெச்சது?" பேங்க் அம்மா கால் மணி நேரம் பொரிந்து தள்ளினார். ஆறு வருடமாய் அங்கே வேலை பார்த்தவள் வாயே திறக்கவில்லை. கடைக்காரியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனவள், மறுநாளிலிருந்து வரவில்லை.

மூன்றாம் நாள் பட்டன் ஜாடி உடைந்து கிடந்தது.

"யாருடி உடைச்சது?"

"காஜா அக்கா." மகளுக்குக் கண் இமைகூடத் தட்டவில்லை.

"அவ வந்தே ரெண்டு நாளாச்சேடி!"

"அதனால என்னம்மா? அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அன்னைக்கு நீ சொன்னப்பவும் சும்மாதான இருந்தாங்க?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. யாரை அடிப்பது? கடைக்காரிக்கு வெட்கத்தில் முகமெல்லாம் எரிந்தது. மகளை இழுத்துக்கொண்டு காஜா அக்கா வீட்டுக்குப் போய், "தெரிஞ்சேதான் உன்மேல போட்டேன்மா. மன்னிச்சிடு," என்றாள்.

அவள் உள்ளே கூப்பிடவில்லை. "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? யார் முன்னாடி என்னைத் தலைகுனிய வெச்சீங்களோ, அங்க போய்ச் சொல்லுங்க."

நியாயம்தானே! இருவரும் பேங்க் அம்மா வீட்டுக்கு நடந்தார்கள்.

"நான்தான்னு சொன்னா திட்டுவாங்களாம்மா?"

"திட்டுவாங்க. நானும் பக்கத்துல நின்னு வாங்கிக்கட்டிக்கறேன்."

வாசலில் மகள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் ஆன்ட்டி கவுனைப் பொசுக்கினேன். அக்கா இல்ல."

"பொய் சொன்னது நான்," என்றாள் அம்மா.

திட்டு விழவில்லை. "கவுன் போனா போவுது. அந்தப் பொண்ணை அவ்வளவு பேசிட்டேனே, கொட்டின வார்த்தையை எங்க போய் வாரிக்கறது?" என்றார் பேங்க் அம்மா. அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

தெருவுக்கு வந்ததும் கடைக்காரி அழுதுவிட்டாள். "உன்னைக் காப்பாத்தறதா நெனச்சு, அடுத்தவங்க மேல பழி போடக் கத்துக்குடுத்துட்டேன்டி. பெத்தவ செய்யற வேலையா இது? இனிமே நீ தப்பு பண்ணா நீ சொல்லு. நான் பண்ணா நான் சொல்றேன்."