ஆறாவதாகப் பேசியிருந்தால்

டெல்லி ரயில் சென்ட்ரலுக்கு வந்து நின்றபோது தியாகராய நகர் வியாபாரிகள் சங்கத்தார் மாலையும் கையுமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மாணிக்கவாசகம் எம்.பி. இறங்கிக் காலை ஊன்றுவதற்குள் கழுத்து பூவில் மறைந்துவிட்டது. "பார்லிமெண்டையே நிறுத்திக் காட்டிய சிங்கம் வாழ்க!" என்று பாத்திரக்கடைக்காரர் ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார். நிறுத்தியது என்னவோ உண்மைதான். நின்றதில் என்ன போயிற்று என்று கத்துகிறவருக்குத் தெரிந்தால்தானே!

சிங்கம் சிரித்தது, கும்பிட்டது, தோளைத் தட்டிக் கொடுத்தது. கண் மட்டும் கூட்டத்துக்குள் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டே இருந்தது. இருக்க வேண்டும் என்று தேடவில்லை. இருந்து தொலைக்கக் கூடாதே என்று தேடினார். பட்டினப்பாக்கத்து ஃப்ளோரா வரவில்லை என்பது உறுதியானதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. அப்படி மூச்சு வந்ததை நினைத்து மறு நிமிஷமே வெட்கமாகவும் இருந்தது.

அந்தப் பெண்ணின் விவகாரம் இதுதான். அவள் புருஷன் பிரகாசமும் கூட இரண்டு பேரும் ஐப்பசியில் ஒரு விசைப்படகில் மீன் பிடிக்கப் போனார்கள். நடுக்கடலில் எஞ்சின் நின்றது. நீரோட்டம் படகைத் தெற்கே இழுத்துக்கொண்டு போய் இலங்கைக் கரையில் தள்ளியது. கடத்தல்காரர்கள் என்று அங்கே பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். படகில் இருந்தது வலையும் ஐஸும் கொஞ்சம் வஞ்சிரமும். அதில் எதைக் கடத்துவது! ஆனால் அதை எடுத்துச் சொல்ல அவர்களுக்கு அங்கே ஒரு நாதி இல்லை. பொங்கலுக்கு முன்பே விசாரணை. நம் தூதரகம் ஒரு வக்கீலை வைத்து, இவர்கள் மீனவர்கள்தான் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். சொல்லாவிட்டால் இரண்டு வருஷம் கம்பி எண்ண வேண்டியதுதான்.

மாதா கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார் பவுல்சாமியைக் கூட்டிக்கொண்டு ஃப்ளோரா நவம்பரில் மாணிக்கவாசகத்தைப் பார்க்க வந்தாள். காலில் விழப் போனவளைத் தடுத்து உட்கார வைத்து, அவர்தான் வாக்குக் கொடுத்தார். "சபையில எழுப்புதேன் தாயி. மந்திரி சபையில எந்திரிச்சு ஒரு வார்த்த சொல்லிட்டா அது உறுதிமொழி. அதுக்கப்புறம் எந்த ஆபீசரும் ஃபைலுக்கு மேல உக்காந்துக்கிட முடியாது." சொன்னதில் துளி பொய் கிடையாது. இருபது மனு போட்டு நகராத விஷயம் சபையில் ஒரு வார்த்தைக்கு நகரும். செய்தும் காட்டினார். கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுத்து, அலைந்து திரிந்து, கூட்டத்தொடரின் கடைசி நாள் நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது எண்ணில் ஏற்றிவிட்டார். அன்று காலை மந்திரி தன் பதிலைத் தட்டச்சு செய்த தாளை லாபியில் அவரிடம் காட்டினார். வக்கீல் வைக்கிறோம், செலவை அரசாங்கம் ஏற்கும் என்று அதில் இருந்தது. இன்னும் என்ன வேண்டும்?

ஆனால் நம்மாள் யார்! விதிமுறை என்று வந்துவிட்டால் மனிதருக்கு ரத்தம் சூடேறிவிடும். தம்பி மகள் கல்யாணத்தில் இவர் பண்ணிய கூத்தைச் சொந்தக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அழைப்பிதழில் அச்சடித்த வரிசைப்படிதான் வாழ்த்துரை என்று பிடிவாதம் பிடித்து, ரயிலுக்கு நேரமாகிவிட்ட ஒரு பெரியவரை மேடையிலிருந்து இறக்கி உட்கார வைத்தார். பெரியவர் வாழ்த்தாமலே ஊர் போய்ச் சேர்ந்தார். வீட்டிலே இதைச் சகித்துக்கொள்ளலாம். டெல்லியில் இதற்குத்தான் பேரும் புகழும் என்றால் மனிதர் எப்படித் திருந்துவார்?

கடைசி நாள் காலை கேண்டீனில் நல்லசிவம் எதிரே வந்து உட்கார்ந்தார். ஆளுங்கட்சி எம்.பி. மாணிக்கவாசகம் எதிர்க்கட்சி, ஆனாலும் இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அண்ணாச்சி, அம்மாவ மயிலாப்பூர் ஆஸ்பத்திரில சேத்திருக்கு. மத்தியானம் பிளேனப் புடிக்கணும். என் நெசவாளர் சமாச்சாரம் ஆறாவதா கெடக்கு. உங்களுக்கு முன்னால பத்தே நிமிஷம் பேசிட்டுப் போயிடட்டுமா?"

"பாப்போம்" என்றார் மாணிக்கவாசகம். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தாய்க்கு முடியாமல் கிடக்கும்போது அந்த வார்த்தையை எவன்தான் மறுப்பாக எடுத்துக்கொள்வான்? சம்மதம் என்று நம்பி நல்லசிவம் போய்ச் சபாநாயகரிடம் சொல்லிவிட்டார்.

நாலாவது அலுவல் முடிந்ததும் சபாநாயகர் "இப்போது ஆறாவது" என்றார். அவ்வளவுதான், மாணிக்கவாசகம் எழுந்துவிட்டார். ஒழுங்குப் பிரச்சினை! அச்சடித்து வழங்கிய நிகழ்ச்சி நிரல் சபையின் சொத்து, சபையைக் கேட்காமல் அதை மாற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை என்றார். சபாநாயகர் பொறுமையாகத்தான் சொன்னார்: "உறுப்பினரே, ஆறு முடிந்தவுடன் உங்களுடையதுதான். பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளக் கூடாதா?"

"என் கேள்வி யார் முதலில் என்பதல்ல. நிரலை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்பது!"

அடடா, என்ன தட்டல்! எதிர்வரிசையே மேஜையைப் பொளந்துவிட்டது. அந்தச் சத்தம் காதில் விழுந்தபிறகு உட்காரவா தோன்றும்? பழைய தீர்ப்புகளை எடுத்து அடுக்கினார். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் எழுந்தார்கள், இந்தப் பக்கத்திலிருந்து நாலு பேர். மந்திரி அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நல்லசிவம் கைக்கடிகாரத்தையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு கட்டத்தில் பேசாமலே எழுந்து போனார். மாணிக்கவாசகம் அதைப் பார்த்தார். பார்த்தும் உட்காரவில்லை.

கடைசியில் சபாநாயகர் தீர்ப்புச் சொன்னார். மாணிக்கவாசகம் சொன்னதுதான் சரி. சபையின் சம்மதம் இல்லாமல் வரிசையை மாற்றியது தவறு. வெற்றி! உடனே ஆளாளுக்கு எழுந்து, அப்படியென்றால் போன வாரம் எங்கள் அலுவலைத் தள்ளியது மட்டும் சரியா என்று ஆரம்பித்தார்கள். கூச்சலிலேயே சாப்பாட்டு நேரம் வந்தது. மத்தியானம் அரசாங்க மசோதா. சாயங்காலம் சபையைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்துவிட்டார்கள். ஐந்தும் இல்லை, ஆறும் இல்லை. தீர்மானம் காலாவதி. வாசலில் மந்திரியைப் பிடித்தபோது அவர் காரில் ஒரு காலை வைத்தபடி, "சபையில் சொல்லாததை நான் எப்படி உத்தரவாக்குவது? அடுத்த தொடரில் கொண்டுவாருங்கள்" என்று போய்விட்டார். அடுத்த தொடர் மாசியில். விசாரணையோ தையில்கூட இல்லை, மார்கழியில்.

ரயிலில் வரும்போது இரண்டு ராத்திரியும் அவர் தூங்கவில்லை. தீர்ப்பு சரி, தான் சொன்னது சரி என்று தனக்குத்தானே வாதாடிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வாதத்தில் அவரே ஜெயித்தார்.

வீட்டுக்கு வந்து மாலைகளை நாற்காலியில் போட்டார். மனைவி தங்கபுஷ்பம் காப்பியும் பேப்பருமாக வந்தாள்.

"ஒங்க படம் போட்டிருக்காவ. சாயங்காலம் சங்கத்துல பாராட்டுக் கூட்டமாம், ஆறு மணிக்குக் காரு வருமாம். அது கெடக்கட்டும். அந்தப் புள்ள புருஷன் காரியம் என்னாச்சு?"

"நேரமில்லாமப் போச்சு."

"நேரத்த யாரு எடுத்தா?"

மாணிக்கவாசகம் காப்பியைக் குடித்தார். நாளைக்குப் பட்டினப்பாக்கம் போய் நேரிலே பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டார். தங்கபுஷ்பம் காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாளை வரைக்கும் யார் விட்டார்கள்? சாயங்காலம் ஐந்து மணி அடிக்கும் முன்பே ஃப்ளோராவும் பவுல்சாமி வாத்தியாரும் வாசலில் நின்றார்கள். மணல் ஒட்டிய காலை மிதியடியில் தேய்த்துவிட்டு உள்ளே வந்தாள் ஃப்ளோரா. அவள் முகத்தில் நம்பிக்கை அப்பிக் கிடந்தது.

"பேப்பர்ல படிச்சேன் சார்," என்றார் வாத்தியார். "நீங்க சொன்னதுதான் சரின்னு சபாநாயகரே சொல்லிட்டாராமே! நம்ம ஆளுங்க விஷயம் எங்க போட்டிருக்குன்னு எல்லாப் பக்கமும் தேடினேன். காணல."

"ஐயா, மந்திரி இன்னா சொன்னாரு?" என்றாள் ஃப்ளோரா.

மாணிக்கவாசகம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிகழ்ச்சி நிரல் என்றால் என்ன, அதை யார் வகுப்பது, இன்னொருத்தரை முன்னால் பேச விட்டு வரிசையை மாற்றினால் நாளைக்கு ஆளுங்கட்சி எப்படியெல்லாம் விளையாடும் என்று விளக்கத் தொடங்கினார். குரல் கணீரென்றுதான் வந்தது. வாத்தியார் தலையாட்டினார். ஃப்ளோரா ஆட்டவில்லை.

"அதெல்லாம் எனக்கு வெளங்காதுய்யா. மந்திரி கையில காயிதம் இருந்திச்சா?"

"இருந்துச்சு."

"அதுல இன்னா எழுதியிருந்திச்சு?"

"வக்கீல் வைக்கோம்னு."

"அத்த அவரு ஏன் படிக்கல?"

"நேரம் வரலம்மா. நம்ம முறை வரதுக்குள்ள…"

"அந்த இன்னொருத்தர மொதல்ல பேச வுட்டிருந்தீங்கன்னா?"

சொல்வதற்கு அவரிடம் ஆயிரம் இருந்தது. ரயில் முழுக்கச் சொல்லிப் பார்த்ததெல்லாம் நாக்கு நுனியில்தான் நின்றது. உள்ளே சமையலறை வாசலில் தங்கபுஷ்பம் நிற்பது கண்ணில் பட்டது.

"படிச்சிருப்பாரு," என்றார்.

ஃப்ளோரா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. வாத்தியார் "ஏசுவே" என்று முனகினார். அவள் கத்தித் தீர்த்திருந்தால்கூட மாணிக்கவாசகத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அடுத்த கூட்டத்துல இதே மாரி ஆச்சுன்னா வுட்டுக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

கொடுப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த மேஜைத் தட்டல் ஞாபகத்துக்கு வந்தது. பாழாய்ப்போன சத்தம், இப்போதுகூட நெஞ்சு நிமிர்ந்தது. பொய் சொல்லக் கூடாது என்று பழகிய மனிதர். வாயைத் திறந்தபடியே இருந்தார். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"வுடுங்க," என்றாள். "அந்த இன்னொருத்தரு எந்தக் கட்சி?"

"ஆளுங்கட்சி."

"அவரு சொன்னா மந்திரி கேப்பாரா?"

"போன்லயே கேப்பாரு." சபைக்கு வெளியே காரியம் சாதிக்க அந்த ஒரு வழிதான் உண்டு என்று டெல்லியிலேயே அவருக்குத் தெரியும். நல்லசிவத்தின் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் அந்த நினைப்பை அமுக்கி அமுக்கி வைத்திருந்தார். இப்போது வாய் தானாகச் சொன்னது: "மயிலாப்பூர்லதான் இருக்காரு. அம்மாவ ஆஸ்பத்திரில வச்சுப் பாத்துக்கிட்டு இருக்காரு."

ஃப்ளோரா எழுந்தாள். அவரும் எழுந்தார். எழுந்தபோது மனசு லேசானது போல இருந்தது. போய் நல்லசிவம் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டியதுதான், கூட்டமாவது பாராட்டாவது என்று தோன்றியது. ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார்.

"இரும்மா, நானும் கூட வாரேன்."

"வேணாங்கய்யா," என்றாள் அவள். கோபமே இல்லாமல், காய்ச்சல்காரரிடம் சொல்வது போலச் சொன்னாள். "நீங்க வராதீங்க. அங்கயும் எது சரி, எது தப்புன்னு வந்துடும். எனக்கு யாரு ஜெயிச்சாலும் ஒண்ணுதான். எனக்கு என் வூட்டுக்காரரு வந்தா போதும்."

"அப்படியெல்லாம் பேசாதம்மா," என்று வாத்தியார் பதறினார். "ஐயாவும் நமக்காகத்தானே…"

"நான் இன்னா தப்பா சொல்லிட்டேன் சார்?"

தங்கபுஷ்பம் அதற்குள் சேலையைச் சரிசெய்துகொண்டு, பர்ஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"நான் கூட்டிட்டுப் போறேன். நல்லசிவத்தோட அம்மாவ எனக்குத் தெரியும். எங்க தெருவுல சம்பந்தம் பண்ணினவதான். நோயாளியப் பாக்கப் போன மாதிரியும் ஆச்சு." கணவர் பக்கம் திரும்பி, "ராச்சாப்பாட்ட மூடி வச்சிருக்கேன். கூட்டத்துக்கு நேரமாச்சுன்னா சாப்பிட்டுக் கெளம்புங்க," என்றாள்.

மூன்று பேரும் படியிறங்கி உஸ்மான் ரோடு பக்கம் நடந்தார்கள். முன்னால் ஃப்ளோரா கிட்டத்தட்ட ஓடினாள். மாணிக்கவாசகம் சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு வாசலில் நின்றார். மற்றக் கையை நுழைப்பதா, இதையும் கழற்றுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. சங்கத்துக் கார் நேரத்துக்கு முன்பே வந்து நின்று ஹாரன் அடித்தது.