ரூபேனைக் கொடுத்துவிட்ட வருஷம்

அந்த சீசனில் பத்தொன்பது ஆட்டங்களில் நான்கில்தான் எங்கள் லாஸ் லோமாஸ் கூடைப்பந்து அணி ஜெயித்திருந்தது. ஒரு திங்கட்கிழமை மதியம், அணியின் சொந்தக்காரர் தோன் பிளாசிதோ தன் இரும்புக் கடைக்கு என்னைக் கூப்பிட்டனுப்பினார். கடையில் ஆள் இல்லை. பெயின்ட் டின்களுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இராய்தா, வடக்குக் கடற்கரைக்காரங்க ரூபேனைக் கேக்கறாங்க. பதிலுக்கு ரெண்டு சின்னப் பசங்களைத் தராங்களாம். ஒருத்தன் ஆறடி பத்து அங்குலம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வியாழக்கிழமை வரைக்கும் டைம் கேட்டிருக்கேன். கோச் கொடுத்துடலாம்னு சொல்றான். ஆனா ரூபேனைக் கொடுத்தா இந்த ஊர்ல என்கிட்ட ஒருத்தன் ஒரு ஆணி வாங்க மாட்டான்." முள்கரண்டியைக் கீழே வைத்தார். "அந்த முட்டி பத்தி உனக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொல்லு."

ரூபேன் காரத்தினிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பதினாறு வருஷமாக எங்களுக்கு மட்டுமே ஆடியவன். கோப்பை ஒன்றுகூடத் தொட்டதில்லை. நான் அணியின் பிசியோதெரபிஸ்ட். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் அவன் காலுக்குக் கட்டுப் போடுகிறவள். அவனுடைய வலது முட்டியில் எங்கே தொட்டால் முகம் சுளிப்பான், எங்கே தொட்டால் சுளிக்காத மாதிரி நடிப்பான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

அந்த முட்டிக்கு நானும் கடன்பட்டவள்தான். பெரும்புயல் வந்த வருஷம் எங்கள் பக்கத்துப் பாலத்தை ஆறு கொண்டுபோய்விட்டது. என் அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மெக்சிகோவில் ஓர் அணி ரூபேனை நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டிருந்தது, அவன் போகவில்லை. ஏழு வாரம் என் அப்பாவைத் தோளில் சுமந்து, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, அக்கரையில் காத்திருந்த ஜீப்பில் ஏற்றிவிட்டான். அப்பா வாயை மூடிக்கொண்டு போகிற ஆளில்லை. ஆற்றின் நடுவில் அவன் தலையைத் தட்டி, "போன வருஷம் பொன்சே ஆட்டத்துல ரெண்டு ஃப்ரீ த்ரோ ஏன்டா விட்ட?" என்று கேட்பாராம். "கேள்வி கேக்கறதா இருந்தா இங்கேயே இறக்கி விட்டுடுவேன், தோன் செல்சோ" என்பானாம் ரூபேன். அப்பா அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தார்.

அந்த மனிதனைப் பற்றித்தான் உண்மையைச் சொல்லச் சொன்னார் பிளாசிதோ.

"நம்மகிட்ட வேற ஆள் இல்லைன்னு ஒவ்வொரு ஆட்டத்துலயும் முப்பத்தஞ்சு நிமிஷம் ஓட விடறோம்," என்றேன். "இப்படியே போனா சீசன் முடியறதுக்குள்ள அந்த முட்டி போயிடும். அப்புறம் ஆட்டத்தை விடுங்க, கைத்தடி இல்லாம நடக்க முடியாது. அங்கே நல்ல ஆளுங்க நிறைய இருக்காங்க. பதினஞ்சு நிமிஷம் ஆடினாப் போதும். முட்டி தாங்கும். அவங்க டாக்டருக்கும் இதையேதான் எழுதிக் கொடுப்பேன்."

"அப்போ கொடுத்துடலாம்ங்கறியா?"

"நாம அவனை அன்பாலயே தின்னுட்டிருக்கோம், தோன் பிளாசிதோ."

அவர் சாப்பாட்டை மூடிவைத்தார்.

ரூபேனிடம் நானே சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். மறுநாள் காலை அரங்கத்தில் அவன் தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டான்.

"நீயா சொன்ன?"

"ஆமா. நான்தான்."

"உங்கப்பா இருந்திருந்தா உன்னைச் சொல்ல விட்டிருப்பாரா?"

பந்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

பிளாசிதோவின் கடை ஷட்டரில் 'துரோகி' என்று யாரோ எழுதினார்கள். ரொட்டிக் கடை வரிசையில், அது என் யோசனை என்று நானே சொன்னேன். அதன்பின் கொஞ்ச நாள் அந்த வரிசையில் எனக்கு வணக்கம் சொல்ல ஆளில்லை. நான் அனுப்பிய செய்திகளுக்கு ரூபேனும் பதில் போடவில்லை.

ஐந்து வாரம் கழித்துக் கடற்கரை அணி எங்கள் அரங்கத்துக்கு வந்தது. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் எங்கள் உடைமாற்றும் அறையின் கதவு திறந்தது. எதிரணிச் சட்டையில் ரூபேன் உள்ளே வந்து, நேராக என் மேசையில் ஏறி உட்கார்ந்து காலை நீட்டினான். எங்கள் பையன்கள் ஷூ கட்டுவதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். அப்புறம்தான் அவனுக்கே உறைத்தது.

"ஐயோ," என்றான் மெதுவாக. "கால் தானா இங்கே வந்துடுச்சு."

முதலில் சிரித்தவன் அந்த ஆறடி பத்து அங்குலப் பையன்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ரூபேன் இறங்கப் போனான். நான் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"உக்காரு. உங்க ஆள் கட்டுப் போடற லட்சணத்தை டிவியில பாத்தேன்."

கட்டுப் போடும்போது முட்டியை அழுத்திப் பார்த்தேன். வீக்கம் இல்லை. நான் தலை நிமிரவில்லை, கண் கலங்கியிருந்தது.

"காலையில எந்திரிச்சா வலிக்கறதில்ல, இராய்தா," என்றான் அவன். "ஆறு வருஷத்துல இப்பத்தான். உன்கிட்ட அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"நான் உனக்கு அன்னைக்கே நன்றி சொல்லியிருக்கணும். அப்பா விஷயத்துக்கு."

"சொன்னியே, முட்டியைக் காப்பாத்தி."

அன்று அவன் பதினான்கு நிமிஷம் ஆடினான். ஆட்டம் சமனில் இருக்க, கடைசி மூன்று வினாடியில் இடது மூலையிலிருந்து எறிந்தான். பந்து வளையத்தைத் தொடாமலே வலைக்குள் இறங்கியது. அடுத்த சுற்றுக்குப் போக எங்களுக்கு மிச்சமிருந்த ஒரே வழியும் அதோடு அடைபட்டது.

நான்காயிரம் பேர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது வாசல் பக்கம் பகலாயித்தோ என்கிற மீன் வடை பொரித்து விற்கும் தோன்யா மிங்காவின் குரல் கேட்டது.

"நன்றி கெட்டவனே, பதினாறு வருஷமா என் கடையில ஓசியில தின்னியே, அதுக்கு இதுதான் கூலியா?"

அரங்கமே சிரித்தது. சிரித்துக்கொண்டே எழுந்து நின்றது. கைதட்டல் நிற்கவில்லை. ரூபேன் கீழ்வரிசையிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகக் கைகொடுத்துக்கொண்டு போனான். பிளாசிதோவை அணைத்துக்கொண்டபோது கிழவர் குழந்தையைப் போல அழுதார். வெளியே அவர்களுடைய பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, உள்ளே வந்து தானும் கைதட்டினார்.

இறுதிச் சுற்றில் கடற்கரை அணி மூன்று புள்ளியில் தோற்றது. கோப்பை இல்லாமலே ரூபேன் ஓய்வு பெற்றான். மறு வருஷம் அந்த இரண்டு பையன்களும் எங்களை அரையிறுதி வரை கொண்டுபோனார்கள். அந்த ஆட்டங்களுக்கெல்லாம் ரூபேன் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தான். மேல்வரிசையில்தான் நன்றாகத் தெரியும் என்று மகள் அடம்பிடிப்பாள். அறுபத்திரண்டு படி. அவளைத் தூக்கிக்கொண்டு, வழியில் எல்லோரிடமும் பேசிக்கொண்டே, அவன் ஏறிப்போவான்.