எல்லார் படத்திலும் என் கல்லீரல்

நான் எடுக்கிற எல்லாப் படத்திலும் என் கல்லீரல் விழுந்துவிடுகிறது. எட்டு வருஷமாக இப்படித்தான்.

ஆஸ்பத்திரியில் வாய்ப் படம் எடுப்பது என் வேலை. அறையை இருட்டாக்கி வாய்க்குள் நீல வெளிச்சம் அடிப்பேன். நல்ல சதை தானாகவே பச்சையாக ஒளிரும். கெட்டுப்போன இடம் மட்டும் கறுப்பாக நிற்கும். ஆனால் உழைத்துக் களைத்த உறுப்பில் ஒரு கசடு சேர்ந்துவிடும். அந்த வெளிச்சம் பட்டால் அதுவும் பச்சையாகவே மினுங்கும். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. என் கல்லீரல் சட்டையைத் தாண்டி மினுங்குகிறது. என்னத்தைச் சொல்ல! கல்லீரலுக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். வருகைப் பதிவேட்டில் அதன் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை இசக்கியம்மாள் வந்தாள். பீடி சுற்றுகிறவள். இடது கன்னத்துக்குள் மூன்று மாதமாக ஆறாத புண்.

முதல் படம் முழுக்கப் பச்சை. புண் இருக்கிற இடத்தை மறைத்துக்கொண்டு என் கல்லீரல் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. இதை டாக்டரிடம் கொடுத்தால் ஒன்றுமில்லை, போங்க என்று அனுப்பிவிடுவார்.

"நல்லாத்தானே இருக்கு அண்ணாச்சி?" என்றாள்.

"இது நீங்க இல்லம்மா. நான்."

கல்லீரலைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னேன். அதற்கும் அலுப்பு. முனகிக்கொண்டே இறங்கி, கதவைச் சாத்தாமல் போனது. நான்தான் எழுந்துபோய்ச் சாத்தினேன்.

இரண்டாவது படத்தில் கன்னம் பச்சை. நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுப்பு.

மறைக்க மனசு வரவில்லை, காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். பாவமாக இருந்தது.

"இதை டாக்டரம்மாகிட்ட குடுத்துருங்க. வைத்தியம் பாத்துக்கிடுதேன்," என்றாள். "ஆனா உங்க ஈரலை வச்சு இன்னொண்ணு எடுத்துத் தாங்க. மக நிறைமாசமா இருக்கா. பிள்ளை பெத்து எந்திரிக்கது வரைக்கும் அவகிட்ட காட்ட ஒரு படம் வேணும்லா."

அப்படியெல்லாம் எடுக்கக் கூடாது. "சரிம்மா," என்றேன்.

வெளியே போய்க் கூப்பிட்டேன். கல்லீரல் அதற்குள் டோக்கன் வாங்கிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அறுபத்து மூன்றாம் நம்பர். தன் முறை வந்தால்தான் உள்ளே வரும் என்றது. அதுவும் நியாயந்தான்.

இசக்கியம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சாப்ட்டீங்களா?" என்று அதைக் கேட்டாள்.

நான் ஐம்பத்திரண்டாம் நம்பரைக் கூப்பிட்டேன்.