யார் வூட்டுப் பூ?

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் திருவிழாவில், பாஞ்சாலி கூந்தல் முடிக்கும்போது வைக்கிற மல்லிகை என் நிலத்திலிருந்துதான் போக வேண்டும். கோயிலை ஒட்டிய அந்த நிலத்தோடு சேர்ந்து வந்த முறை அது. என் கணவர் பச்சியப்பன் குடித்துக் குடித்துச் செத்த பிறகு நிலமும் முறையும் என் கைக்கு வந்தன. வருஷம் தவறாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அப்போதெல்லாம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

இந்த வருஷம் திறந்தார்கள். காரணம் மாதேஷ். பாப்பாரப்பட்டிப் பக்கத்துப் பூ மூட்டைகளைத் தருமபுரி மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போகிற வண்டிக்காரர். என்னைவிட எட்டு வயது சின்னவர். போன ஆடியிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறார். தாலி கட்டட்டுமா என்று அவர் கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். ஒரு தடவை கட்டிக்கொண்டு பட்டது போதும். எனக்கு ஆள் வேண்டும், கயிறு வேண்டாம். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

துரியோதனனைச் சாய்க்கிற படுகளத்துக்கு முந்தின நாள் விழாக் கமிட்டித் தலைவர் மாது வந்தார். பச்சியப்பனுக்குச் சித்தப்பா, எனக்கு மாமா முறை. உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றுகொண்டார்.

“பூவை மட்டும் குடுத்துடும்மா. பங்காளிங்க யாராச்சும் எடுத்துக்குவாங்க. நீ களத்துக்கு வர வேணாம். அந்த ஆளும் அந்தப் பக்கம் காலு வெக்கக் கூடாது.”

“பூவு மட்டும் சுத்தமுங்களா மாமா? பறிச்ச கை ஆவாதா?”

“அம்மனுக்கு ஆவாதும்மா.”

“அப்ப பூவும் ஆவாதுங்க.”

“உம் பூவு இல்லைன்னா திருவிழா நின்னுடுமா?” என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாரதம் படிக்கிறவர் பாஞ்சாலி ஐந்து பேருக்கு மனைவியான கதையை மைக்கில் சொன்ன அன்றைக்கு, முதல் வரிசையில் கண்ணை மூடிக் கைகூப்பி உட்கார்ந்திருந்தவர் இதே மாமாதான்.

மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போல மொட்டுப் பறித்தோம். மாதேஷ் தொடுத்துக் கொடுக்க, ஈரத்துணியில் சுற்றிக் கூடையில் வைத்தேன். மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்தோம். களத்தில் நடப்பதெல்லாம் ஒலிபெருக்கியில் கேட்டது.

மண்ணால் செய்த துரியோதனன் தொடையில் பீமன் அடித்து முடித்தான். பாஞ்சாலி வேஷம் கட்டிய ரஞ்சித்குமார் அவிழ்த்த தலையோடு அந்த மண் மார்பில் ஏறி உட்கார்ந்திருப்பார். பூவை வாங்கும் முன் பாஞ்சாலி கேட்பாள், ஊர் பதில் சொல்ல வேண்டும். அந்தக் களத்தில் மட்டும் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள்.

“யார் வூட்டுப் பூ?”

பதில் இல்லை. மறுபடியும் கேட்டார்.

“மார்க்கெட்டுப் பூவுங்க” என்று மாமாவின் குரல் இழுத்தது.

“மார்க்கெட்டு எந்த வூடுங்க?” என்றார் ரஞ்சித்குமார். கூட்டம் சிரித்தது. “முறைப் பூ வராம நான் தலை முடிய மாட்டேன்.”

கூந்தல் முடியாமல் தீக்குண்டத்தில் நெருப்பு மூட்ட முடியாது. தீ மிதிக்கக் காப்புக் கட்டியவர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் மாமாவின் வண்டி வரப்பருகே வந்து நின்றது.

“மானத்தை வாங்கிட்டியேம்மா. வா, நீயே கொண்டாந்து குடு.”

“அவரு கூடையைத் தூக்கிக்கிட்டு வருவாரு. ரெண்டு பேர் பேரையும் சொல்லித்தான் பூ குடுப்பேன்.”

“அம்மனும் நீயும் ஒண்ணா? அவ அஞ்சு பேரைக் கட்டினதுக்கு முனிவரே வந்து நியாயம் சொன்னாரு. உனக்கு யாரு சொன்னது?”

“நியாயம் சொன்னவங்க அவளைக் கேட்டாங்களா மாமா? மாமியா ஒரு வார்த்தை சொன்னா, அஞ்சு பேருக்குப் பங்கு வெச்சாங்க. சூதாட்டத்துல வெச்சப்பவும் அவளைக் கேக்கல. அதுக்கெல்லாம் கையெடுத்துக் கும்புடறீங்க. நான் என்னையக் கேட்டு, அவரையும் கேட்டு ஒண்ணா இருக்கறேன். இதுதான் உங்களுக்கு அசிங்கமாத் தெரியுதுங்களா?”

மாமா களத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அவ தானா எடுத்த முடிவு அந்தத் தலைமுடி ஒண்ணுதாங்க. அதுக்குத்தான் என் பூவு போவுது.”

“விடு சோபனா, குடுத்துட்டு வந்துடலாம்” என்றார் மாதேஷ். அவருக்குச் சண்டை என்றாலே பயம்.

“கூடையைத் தூக்குங்க” என்றேன்.

களத்துக்குள் நாங்கள் இருவரும் நடந்து போனபோது கூட்டம் விலகியது. வழி விட்டார்களா, ஒதுங்கினார்களா தெரியாது. மாதேஷ் கூடையை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் தலை குனியவில்லை.

“யார் வூட்டுப் பூ?” என்றார் ரஞ்சித்குமார்.

மாமா முந்திக்கொண்டார். “பச்சியப்பன் வூட்டுப் பூ!”

நான் கூடையின் மேல் கை வைத்து அழுத்தினேன். “அவரு செத்துட்டாருங்க மாமா. களத்துல நின்னு பொய் சொல்லாதீங்க.”

ரஞ்சித்குமார் என்னைப் பார்த்தார், கூடை சுமந்தவரைப் பார்த்தார். மறுபடியும் கேட்டார்.

மாமா கையிலிருந்த மைக்கை வாங்கினேன்.

“சோபனா வூட்டுப் பூ. மாதேஷ் வூட்டுப் பூ. ரெண்டும் ஒரே வூடு.”

என் குரல் ஒலிபெருக்கி வழியே ஊர் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. முறைப்படி ஊர் ஆமாம் சொல்ல வேண்டும். ஒரு சத்தமும் இல்லை. பாஞ்சாலி மண் மார்பில் காத்திருந்தாள். நானும் நின்றேன். நாள் பூராவும் நிற்பேன் என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

“ஆமா!” என்றாள் கோவிந்தம்மாள். காப்புக் கட்டி, மஞ்சள் சேலையில், வெயிலில் தள்ளாடி நின்றவள். “ஆமாங்கறேன், சொல்லுங்களேன் எல்லாரும்!”

பக்கத்தில் இருந்த பெண்கள் சொன்னார்கள். பிறகு ஆண்கள். கடைசியில் மாமாவின் உதடும் அசைந்தது.

பசியில் சொன்னார்களோ மனசாரச் சொன்னார்களோ, எனக்கு அக்கறை இல்லை. அந்தக் களத்தில் நின்று சொன்னார்கள்.

மாதேஷ் கூடையை நீட்டினார். பாஞ்சாலி எங்கள் பூவை எடுத்துத் தலை முடிந்தாள்.