நிஜக் கதவு

கதவு திறக்கவில்லை. மேடையில் என் கணவராக நடித்தவர் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். மறுபடியும் இழுத்தார். அரங்கத்தில் யாரோ இருமியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

எல்லாம் அண்ணனால் வந்த வினை. இந்த நாடகக் குழுவை ஆரம்பித்தவர் அவர்தான். படுதாவில் வரைந்த கதவு போதும் என்று நாங்கள் தலைபாடாக அடித்துக்கொண்டோம். கேட்டால்தானே? எங்கோ இடித்த வீட்டிலிருந்து நிலையோடு ஒரு கதவைப் பெயர்த்து வந்து நிறுத்தினார். அழுகிற இடத்தில் சத்தம் கூடாது, முதுகைக் காட்டி நின்றாலே போதும் என்றார். இருபது வருஷம் ராஜா வேஷம் கட்டி, ராஜா என்றே பெயராகிப் போனவரை வேலை இழந்த குமாஸ்தாவாக்கினார். ராஜா ஒத்திகையில் தண்ணீர் கேட்டால்கூடப் போருக்கு அழைப்பதுபோல் இருக்கும். இந்த நாடகமும் படுத்துவிட்டால் பழையபடி அரண்மனைக் கதைகளுக்கே திரும்புவது என்று குழு முடிவு செய்திருந்தது. அண்ணனும் தலையாட்டியிருந்தார்.

படுதாவுக்கு வண்ணம் தீட்டியே பழகிய கைகள் சும்மா இருக்குமா? காலையில் கதவுக்கும் ஒரு பூச்சு பூசி, ஈரத்தோடு சாத்தியிருந்தார்கள். அது நிலையோடு ஒட்டிக்கொண்டது.

வேலை போனதைச் சொல்லிவிட்டு ராஜா வெளியேற வேண்டிய கடைசிக் காட்சி அது. அவருக்கு வியர்த்தது. திரும்பாமலே, நான் இதுவரை கேட்டிராத சின்னக் குரலில் சொன்னார்.

"இதுகூட என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

அது நாடகத்தில் இல்லாத வசனம். வாயில் வந்ததைச் சொன்னேன். "ரெண்டு மாசமா சொல்றேன், தச்சரைக் கூப்பிடுங்கன்னு."

"இனிமே வீட்லதானே இருக்கப் போறேன். நானே பாத்துக்கறேன்."

அரங்கம் சிரித்தது. பாதியிலேயே சிரிப்பு அடங்கிவிட்டது. ராஜா கதவடியில் உட்கார்ந்துகொண்டார். திரையை இறக்கினார்கள். கைதட்டல் நிற்கவே இல்லை. அப்பாடா என்று நானும் அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா விறுவிறுவென்று மேடை ஏறி வந்தார். "எங்க வீட்லயும் இப்படித்தான். தள்ளுங்க தம்பி" என்று ராஜாவை நகர்த்திவிட்டு, கைப்பிடியைச் சற்றுத் தூக்கி வெடுக்கென்று இழுத்தார்.

கதவு திறந்தது. அந்தப் பக்கம் செங்கல் சுவர், சுருட்டிய கயிறுகள், ஒரு மரப்பெட்டி. பெட்டியின்மேல் அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சத்தமே இல்லை. தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.