பெயர் இல்லாத நோட்டுகள்

மருத்துவமனை அறைக்குள் நுழையப்போன சித்தியை அவன் வாசலிலேயே மறித்தான்.

"நீங்க வெளிய இருங்க சித்தி. மருந்து ஏறியிருக்கு, அம்மா ஏதேதோ பேசுறாங்க."

"கூடப் பொறந்தவகிட்டயே ரகசியமா? எமனே வந்து கேட்டாலும் உங்கம்மா வாயத் திறக்க மாட்டா, போடா!" சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அம்மா வாங்கிய சத்தியம் அது. முப்பது வருடம் போர் நடந்த ஊர்களில் அலைந்து, சண்டை போட்டவர்களையும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களையும் பேச வைத்து எழுதியவள். நோட்டுகளில் பெயரே கிடையாது. முந்நூறு பேர், ஆளுக்கு ஓர் எண். எந்த எண் யாருடையது என்பது அந்த ஆளுக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். பெயர் வெளியே வந்தால் இன்றைக்கும் சிலர் உயிர் போகும். "வலி மருந்துல நான் உளறிடுவேன்டா. யாரையும் உள்ள விடாத" என்றிருந்தாள்.

மூன்று நாள் காவல் இருந்தான். தன் பிறந்தநாளை மறந்தவள் முந்நூறு பேரை மறக்கவில்லையே என்ற பழைய கோபமும் கூடவே இருந்தது. அம்மா உளறத்தான் செய்தாள். பேருந்து நேரம், தொலைந்த குடை, சித்திமேல் இருந்த பொறாமை, எல்லாவற்றையும் கொட்டினாள். "வாலு, சாப்பிட்டியா?" என்று அவனைக் கேட்டாள். அந்த முந்நூறில் ஒரு பெயர் வரவில்லை. மூன்றாம் நாள் மதியம் அவள் மூச்சு நின்றபோது அழுகையை முந்திக்கொண்டு மலைப்புதான் வந்தது. நினைவு தப்பியும் வாக்குத் தப்பவில்லையே இவள்!

மறுநாள் இரங்கல் கூட்டம் நடந்த மண்டபத்தில் அம்மாவின் ஆய்வு நிறுவன இயக்குநர் அவனருகில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, அந்தப் பெயர்ப் பட்டியல் கிடைச்சா ஆய்வுக்குப் பெரிய உதவியா இருக்கும்."

"அம்மா கையோட கொண்டுபோயிட்டாங்க சார்."

அப்போது சித்தி வந்து அவன் காதில் கிசுகிசுத்தாள். "இரங்கல் நோட்டுல ஒரு பெரியவர் பேரு போடாம நாப்பத்தேழுன்னு மட்டும் எழுதிட்டுப் போறாருடா. அவருக்குப் பின்னால வந்த பொம்பள நூத்திப் பன்னெண்டுன்னு எழுதுறா. என்ன கூத்து இது?"

அவன் எட்டிப் பார்த்தான். வரிசையில் இன்னும் ஏழெட்டுப் பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றிருந்தார்கள். இயக்குநரும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினார்.

அவன் சட்டென்று எழுந்து அவர் பார்வையை மறைத்து நின்றான். "வாங்க சார், உள்ள போய் டீ குடிக்கலாம்" என்று தோளில் கைபோட்டு அழைத்துப் போனான்.

பின்னால் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு எழுத உட்காரும் சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.