கடுகுக்கு வர வேண்டியது

குழந்தைக்கு வர வேண்டிய வலிப்பு முதன்முதலாக அம்மாவுக்கு வந்த அன்று வீட்டில் கேஸ் தீர்ந்திருந்தது. அதனால்தான் அவள் பிழைத்தாள். பற்றாத அடுப்பின் மேல் குப்புற விழுந்தவள், கை கால் வெட்டி இழுத்து, வாயோரம் நுரை தள்ளி, ஒருவழியாக அடங்கிக் கண்ணைத் திறந்தபோது, தத்தெடுத்து வந்து ஒரு வாரம்கூட ஆகாத பெண் குழந்தை பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து கரண்டியை நக்கிக்கொண்டிருந்தது. குழந்தைகள் இல்லத்தில் இருந்தவரை அதற்கு வாரம் தவறாமல் வலிப்பு வந்தது. தலை உடையாமலிருக்க ஒரு ஸ்பாஞ்சு தொப்பியை மாட்டியே வைத்திருந்தார்கள். நான்கு வயதுக்கு இரண்டு வயது உருவம். அங்கிருந்த ஆயாக்கள் வைத்த பெயர் கடுகு. இந்த வீட்டுக்கு வந்தபின் அம்மா அறியக் கடுகுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. வலிப்பு வரும் நேரத்துக்குச் சரியாக வந்தது. ஆள்தான் மாறியிருந்தது.

அம்மா சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். அவள் புருஷன் லிப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் குடலுக்குள் இறங்கி, கம்பி வடத்துக்கு கிரீஸ் போடுகிறவர். அவளுக்கு வந்த இரண்டாவது வலிப்பில் தையல் ஊசி விரலைத் துளைத்துக்கொண்டு போனது. அடுத்ததில் இஸ்திரிப் பெட்டி முழங்கையில் முத்திரை குத்தியது. "நீ நல்லா தைக்கிறம்மா, ஆனா ரத்தக் கறையோட சட்டையை யார் வாங்குவா?" என்று சூப்பர்வைசர் அவளை அனுப்பிவிட்டார். மாடி வீட்டுக்காரி ஜன்னல் வழியாகவே துக்கம் விசாரித்தாள். "சும்மா போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையா போச்சே!" நாக்கைக் கடித்துப் பேச்சு குழறிப் போயிருந்தவள், அதற்கு மட்டும் தெளிவாகப் பதில் சொன்னாள்: "என் ஓணானுக்கு நீயா சோறு போடுற?"

சோறு போடத்தான் வழியில்லாமல் போய்க்கொண்டிருந்தது. சிறப்புத் தேவையுள்ள குழந்தையைத் தத்தெடுத்தால் அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை தரும், மருந்து தரும், பகலில் வந்து பார்த்துக்கொள்ள ஒரு பணிப்பெண்ணை அனுப்பும். இவர்களுக்கு முக்கியம் அந்தப் பணிப்பெண். மெக்கானிக் ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில் தொங்கும்போது, இவள் விழுந்தால் புரட்டிப் போட வீட்டில் ஆள் வேண்டும். நிபந்தனை ஒன்றுதான். தத்து முடிந்தபின் மருத்துவக் குழு குழந்தையைப் பார்த்து, ஆமாம், குறை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். முதல் தடவை கடுகை அம்மாதான் இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். கடுகு டாக்டரின் சுத்தியலைப் பிடுங்கி அவர் முழங்காலையே தட்டிச் சோதித்தது. வலிப்பு வந்தது, அம்மாவுக்கு, வராந்தாவில்.

மெக்கானிக் போய் இதைச் சொன்னபோது நலத்துறை ஆபீஸ் மேடம் ஆச்சரியப்படவில்லை. "போன வருஷமும் இப்படி ஒண்ணு வந்துச்சு சார். காது கேக்காத பையன். இப்ப அவன் பாட்டு கத்துக்கிறான், அவங்கப்பாவுக்குத்தான் காது கேக்கல" என்றார், ரேஷன் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்.

"அவங்களுக்கு உதவி கிடைச்சுதா மேடம்?"

"குழந்தைக்குக் குறை இருந்தாத்தானே சார் தருவோம். பெரியவங்களுக்கு வந்தா அது வேற டிபார்ட்மென்ட். அங்க போனா, பிறவியிலயே இருந்துச்சான்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு அப்பீல் இருக்கு. குழந்தையை வார்டுல படுக்க வெச்சு பாப்பாங்க. கூட ஒருத்தர்தான் இருக்கலாம். அதுலயும் நார்மல்னு எழுதிட்டா ஃபைலை மூடிருவாங்க. யாரு கூட இருக்கறதுன்னு யோசிச்சு முடிவு பண்ணுங்க."

யோசிக்க ஒன்றுமில்லை. மெக்கானிக்குக்கு ஒரு விஷயம் தெரியும், யாரிடமும் சொன்னதில்லை. மனைவி தன் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று வெளியூர் போயிருந்த வாரத்தில், வலிப்பு கடுகிடமே திரும்பி வந்தது. அவர் கண்ணெதிரே, படிக்கட்டில். அவர் பக்கத்திலேயே நின்றிருந்தும் அவருக்கு வரவில்லை. அன்று அவருக்குள் குத்திய முள் எடுபடவேயில்லை. மனைவியை இரண்டாவது நாளே அம்மா என்று கூப்பிட்ட குழந்தை, அவரை இன்னும் 'லிப்ட் மாமா' என்றுதான் கூப்பிட்டது. அதற்குப் பிறகு அவர் என்னென்னவோ செய்து பார்த்தார். தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார். விடுமுறை நாளில் ஒரு பெரிய கடையின் லிப்டில் கீழிருந்து மேலாக, மேலிருந்து கீழாக, காவலாளி விரட்டும்வரை கூட்டிப் போனார். கடுகு கை தட்டியது. வலிப்பு மட்டும் அவரைத் தாண்டி சமையலறைக்குள் போனது. கட்டின பெண்டாட்டி தரையில் துடிக்கும்போது, எனக்கு ஏன் வரவில்லை என்று பொறாமைப்படுகிற முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

படிக்கட்டு விஷயத்தை அன்றிரவுதான் மனைவியிடம் சொன்னார். ஆக, திட்டம் தயார். மனைவி அக்கா ஊருக்கு பஸ் ஏற வேண்டும். அவர் வார்டில் இருக்க வேண்டும். ஒரே ஒரு தடவை, டாக்டர்கள் கண் முன்னால், கடுகுக்கு வர வேண்டும். பஸ் நிலையத்தில் மனைவி அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றாள். "பாவம் பாக்காதீங்க. ஒரு தடவை அவ தாங்குவா. நான் இனிமே ரொம்ப நாள் தாங்க மாட்டேன்" என்றாள். பஸ் கிளம்பியது. கடுகு பஸ்ஸுக்கு டாட்டா காட்டிவிட்டு, "மாமா, ஐஸ்?" என்றது.

வார்டில் இரும்புக் கட்டில், பச்சைத் திரை, எதிர்ச் சுவரில் ஓடாத மின்விசிறி. மறுநாள் காலை டாக்டர்கள் சுற்றுக்கு வந்தார்கள். பெரிய டாக்டர் கடுகின் கண்ணில் டார்ச் அடித்து, நாக்கைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். நார்மல் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து விழ ஒரு நொடிதான் பாக்கி. அந்த நொடியில் கடுகு மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்தது. முகம் வெளுத்திருந்தது. "மாமா, வருது."

அவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா இருந்தால் போதும். சட்டையை விடுவித்துக்கொண்டு ஓரடி பின்னால் வைத்தார். குழந்தை அழவில்லை, இல்லத்தில் பழகியது போலத் தானே கட்டிலில் சாய்ந்து, தொப்பியைத் தேடித் தலையைத் தடவியது. தொப்பி இல்லை. அதைப் பார்த்ததும் அவர் முன்னால் பாய்ந்து அதன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"குடு கண்ணு. என்கிட்ட குடு."

அவர் அதுவரை அதைக் கேட்டதே இல்லை. தானாக வரும் என்றுதான் காத்திருந்தார். கடுகு அவரைக் கொஞ்சம் யோசனையாகப் பார்த்தது, கடைசி மிட்டாயைக் கொடுப்பதா வேண்டாமா என்பதுபோல. பிறகு கொடுத்தது.

கட்டில் விளிம்பில் மோதியதில் அவருடைய முன்பற்கள் இரண்டு உடைந்தன. குழந்தை நலம், உடனிருந்தவருக்கு வலிப்பு நோய் என்று குழு எழுதியது. ஃபைல் மூடப்பட்டது. "கொஞ்சம்கூட சாமர்த்தியம் இல்லாத மனுஷன் சார் நீங்க!" என்று மேடம் திட்டிக்கொண்டே அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். கம்பெனி அவரை லிப்ட் குழிக்குள் இறக்க மறுத்து, உதிரிபாகக் கிடங்கில் உட்கார வைத்தது, சம்பளம் பாதியானது. ஊரிலிருந்து திரும்பிய மனைவி வாசலில் பையைக்கூட இறக்காமல், "வந்துச்சா?" என்று கேட்டாள்.

"எனக்கு வந்துருச்சுடி" என்றார், புரமோஷன் கிடைத்தவர் குரலில்.

பை அவர் மேல் பறந்து வந்து விழுந்தது. பிறகு அவள் சிரித்தாளா அழுதாளா என்று மாடி வீட்டுக்காரியால்கூடச் சொல்ல முடியவில்லை.

அதன்பின் இருவரும் முறை வைத்தது போல விழுந்தார்கள். பணிப்பெண் வரவில்லை. மாடி வீட்டுக்காரி ஓணான் கதையை விட்டுவிட்டு, பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். கடுகு வளர்ந்தது, பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தது. ஆறாவது வருடம், மாடி வீட்டில் ஆள் இல்லாத ஒரு மதியம், குளியலறையில் அம்மாவின் முறை வந்தது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. அவள் போனபின் எல்லாமே அப்பாவுக்குத்தான் வந்தது. அப்பா என்றுதான் அப்போதெல்லாம் கடுகு கூப்பிட்டாள்.

அவளே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். தன்னுடையவர்களுக்குத்தானே போகிறது, தன்னுடையவர் இல்லை என்று ஆக்கிவிட்டால்? அடுத்த தடவை அறிகுறி தெரிந்ததும் அவர் முன்னால் போய் நின்று, கையை முறுக்கிக்கொண்டு, "நீ என் அப்பா இல்ல. நீ யாரோ. எனக்கு உன்னைப் பிடிக்கல" என்று கத்தினாள். கத்தி முடிப்பதற்குள் அவர் விழுந்தார். நினைவு வந்ததும், கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்த உடைந்த மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டு, ஓட்டைப் பல்லோடு சிரித்தார். "பொய் சொல்ல உனக்கு யாரு கத்துக் குடுத்தது?"

அவள் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் சொன்னாள். வேறு வேறு விதமாக, சில நாள் உண்மையாகவே கோபம் வரவழைத்துக்கொண்டு. ஒன்றும் பலிக்கவில்லை. வருடங்கள் போகப் போக அந்த வாக்கியம் அந்த வீட்டில் வேறொரு வேலைக்கு உதவியது, வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்ல. இப்போதும் கடுகு கல்லூரிக்குக் கிளம்பும்போதோ, தட்டில் சோறு வைக்கும்போதோ சட்டென்று நிறுத்தி, "நீ என் அப்பா இல்ல" என்கிறாள். அவர் "சரிம்மா" என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, பாய் இருக்கும் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.